பச்சிளங் குழந்தையின் காமாலை

தாராவியாயினும் மாதுங்காவாயினும் செம்பூராயினும், நம்மவர் வீட்டுப் பெண்கள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது வழக்கம். திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ குழந்தை பிறக்கிறது. மூன்று மாதம் கழித்தே தாயும் சேயும் ரயிலேறி மும்பைக்கு மீள்கின்றனர். நல்ல வழக்கமே. ஆயினும், அரிதான பிறவிக் குறையொன்று அம்மூன்று மாதங்களுக்குள் பெருங்கேடு விளைத்துவிடுகிறது. அதனைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறோம்.

கல்லீரலிற் சுரக்கும் பித்தநீர் குழாய்களின் வழியே குடலை அடைகிறது. பல்லாயிரம் குழந்தைகளில் ஒன்றிற்கு இக்குழாய்கள் அடைபட்டு நார்போற் சுருங்கிவிடுகின்றன. தேங்கிய பித்தம் கல்லீரலைத் தழும்பேறச் செய்து கெடுக்கிறது. காரணம் இன்னும் முற்றும் துலங்கவில்லை. தாய் உண்ட உணவின்மேல் பழிபோடும் மாமியார்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

பிறந்த குழந்தைக்குச் சிறிது மஞ்சள் தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் இரு வாரங்களில் மறையும். அதனாலேயே, ‘இளவெயிலில் காட்டினால் போய்விடும்’ என்று பாட்டிமார் தேற்றுகின்றனர். இக்குழந்தையும் தொடக்கத்தில் நன்றாகவே பால் குடிக்கிறது, சிரிக்கிறது, ஐயுறத் தோன்றுவதில்லை. உண்மையைச் சொல்வது இடுப்புத் துணிதான். மலம் மஞ்சளாக இராமல் சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ இருக்கும். நிறமின்றி இருக்க வேண்டிய சிறுநீர் துணியில் மஞ்சட்கறை பதிக்கும். மலம் இவ்வாறு வெளிறினாலும், இரு வாரங் கடந்தும் கண் மஞ்சளித்திருந்தாலும், பிலிருபினை இரு கூறாகப் பிரித்துக் காணும் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். தைவானில் 2004 முதல், மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டையை நாடெங்கும் தாய்மார்களுக்கு வழங்கி வருகின்றனர்.

ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் 1950களில் இதற்கோர் அறுவை முறையை வகுத்தார்: கெட்ட குழாயை நீக்கி, குடலின் ஒரு பகுதியையே கல்லீரலின் வாயிலோடு இணைப்பது. 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு மிகுதி. நாள் ஏறஏற அது குறைகிறது. அது கைகூடாவிடில் மாற்றுக் கல்லீரலே வழி. காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு 1998இல் டெல்லி அப்போலோவில் தந்தையின் கல்லீரற் பகுதியைப் பொருத்தினர். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்றம் அதுவே. அக்குழந்தை பின்னர் தாமே மருத்துவரானார்.

ஊரிலுள்ள மகளிடம் தொலைபேசியில், ‘பிள்ளை பால் குடிக்கிறானா?’ என்று கேட்கும்போது மலத்தின் நிறத்தையும் கேளுங்கள். வெளிறியிருந்தால் ரயில் பயணத்திற்கெனக் குறித்த நாள்வரை காத்திராமல், அங்கேயே பெரிய மருத்துவமனையில் காட்டச் செய்யுங்கள். குழந்தை மும்பையிலிருப்பின் தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையும், குழந்தைகளுக்கென்றே 1929இல் பரேலில் அமைந்த வாடியா மருத்துவமனையும் நமக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளன.