வங்கிக் கிளையில் ஒரு கோடைக்காலம்

(உழவர் கூட்டத்தில் வேளாண்மை மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பயிரையும் மண்ணையும் பற்றிப் படிக்கும் நாங்கள், பயிருக்கு வேண்டிய பணம் எவ்வாறு வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகச் சென்ற கோடை விடுமுறையில் ஆறு வாரங்கள், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் பயிற்சி பெற்றேன். அங்கு கண்டவற்றுள் உங்களுக்குப் பயன்படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பகுதியின் நிலையை நீங்கள் அறிவீர்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை வந்தது. இன்று கிளையைத் திறந்ததும் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் கம்பெனிச் சீருடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, மஞ்சள் பையில் சிட்டாவையும் அடங்கலையும் வைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் விவசாயியையும் பார்த்தேன்.

தயங்க வேண்டியதில்லை

பயிர்க்கடன் வங்கி காட்டும் தயவு அன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வணிக வங்கிகள் தாம் வழங்கும் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தர வேண்டும். அதிலும் 10 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுக்குச் சேர வேண்டும். ஆகவே ஆலைகள் நிறைந்த ஊரிலும் உங்களுக்குக் கடன் தர வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. விண்ணப்பம் கொடுத்தால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதைக் கேட்டுத் திரும்பி விடாதீர்கள்.

பட்டா யார் பெயரில்?

நான் பார்த்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நின்ற இடம் ஒன்றுதான். நிலத்தில் உழுபவர் ஒருவர். பட்டா காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருக்கும். அல்லது அண்ணன் தம்பி நால்வர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். அப்போது வங்கி மேலாளர் விரும்பினாலும் உதவ இயலாது.

ஆகவே, கடன் தேவைப்படும் நாளில் ஓடாமல், வேலை குறைந்த மாதத்திலேயே வாரிசுச் சான்று பெற்று, பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். இ-சேவை மையத்திலேயே மனுச் செய்யலாம். நிலத்தின் விலை ஏறியிருக்கும் இப்பகுதியில், பட்டா சரியாக இல்லாதவருக்குக் கடனும் தாமதமாகும். நிலம் எடுக்கப்பட்டால் இழப்பீடும் தாமதமாகும்.

எவ்வளவு கடன் கிடைக்கும்?

விவசாயிகள் கடன் அட்டைத் திட்டம் 1998இல் தொடங்கி, 2012இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு முடிவு செய்கிறது. உங்கள் பரப்பை அத்துடன் பெருக்கி, அதன்மேல் அறுவடைக்குப் பிந்திய செலவு, குடும்பச் செலவு ஆகியவற்றுக்காக 10 சதவீதமும், பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்காக 20 சதவீதமும் கூட்டுவார்கள். கணக்கின் வசதிக்காக ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கருக்கு 60,000. அதில் 10 சதவீதம் 6,000. 20 சதவீதம் 12,000. ஆக 78,000 ரூபாய். பயிர்க் காப்பீட்டுத் தொகை இதற்கு மேல். பல விவசாயிகள் பயிர்ச்செலவை மட்டும் கேட்டுப் பெற்றுச் சென்றுவிடுகிறார்கள்.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு நிலத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தேதியே பணம்

இப்பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகிறது. பட்டத்தையும் விற்பனைக் காலத்தையும் ஒட்டியே தவணைத் தேதி குறிக்கப்படுகிறது. இத்திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. நிகர வட்டி 4 சதவீதமே.

ஒரு லட்ச ரூபாயை ஓராண்டுக்கு எடுத்துப் பாருங்கள். தேதிக்குள் கட்டினால் வட்டி 4,000 ரூபாய். தேதி தவறினால் 3,000 ரூபாய்ச் சலுகை போய்விடும். அதன்பின் வங்கியின் வழக்கமான வட்டியும் ஏறத் தொடங்கும். அதே பணத்தை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். இந்த மூன்று எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தவணைக்குள் கட்டுவோருக்குப் பயிர்க்கடனில் வட்டியே இல்லை. சங்க உறுப்பினர்கள் முதலில் அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

குத்தகைக்கு உழுபவர்கள்

இங்கே பல வயல்கள் கைமாறிவிட்டன. வாங்கியவர் சென்னையில் இருக்கிறார்; கட்டடம் எழும்பும்வரை பழைய விவசாயியே உழுகிறார். கையில் பட்டா இல்லை என்று அவர் வங்கிப் பக்கமே வருவதில்லை. ஆனால் குத்தகைதாரரும், வாய்மொழிக் குத்தகைதாரரும், வாரத்துக்கு உழுபவரும் கடன் அட்டைக்குத் தகுதியுடையவர்களே. இத்தகையோர் நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் கடன் கேட்கலாம். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்பதால், நம்பிக்கையானவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகனுக்காகப் போட்ட கையெழுத்து

பழைய கடன் எதுவும் இல்லாத ஒரு பெரியவரின் விண்ணப்பம் தடைப்பட்டது. ஆலை வேலைக்குப் போய்வர மகன் வாங்கிய மோட்டார் சைக்கிள் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒப்பந்த வேலை நின்றதும் மகனால் தவணை கட்ட முடியவில்லை. அந்தப் பாக்கி தகப்பனாரின் கடன் வரலாற்றிலும் பதிவாகியிருந்தது. பிள்ளைக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட கடனில் மாதந்தோறும் தவணை கட்டப்படுகிறதா என்று நீங்களே விசாரித்து வாருங்கள். ஆலை வேலை என்றும் நிலையானது என்று எண்ணிவிடவும் கூடாது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை இவ்வூர் கண்டிருக்கிறது.

இழப்பீட்டுப் பணம்

நிலத்துக்கு ஈடாக வரும் தொகை, ஒரு தலைமுறையின் உழைப்பு. அது கணக்கில் ஏறிய செய்தி பரவியதும் பலவகை ஆட்கள் தேடி வருவார்கள். முதல் ஆறு மாதம் எதிலும் முடக்காமல், குறுகிய கால வைப்பில் போட்டுவிட்டு யோசியுங்கள். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டி உட்பட 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் இதுவே அளவு. தொகை பெரிதானால் வெவ்வேறு வங்கிகளில் பிரித்துப் போடலாம். தனியார் சீட்டுக்கும், அதிக வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்கும் இக்காப்பீடு இல்லை. தொலைபேசியில் ரகசிய எண் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

வங்கி உங்கள் விண்ணப்பத்தைக் குறித்த காலத்தில் கவனிக்கவில்லையானால், முதலில் அந்த வங்கியிடமே எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

சகோதரர்களே, வயலுக்கு நீர் பாய்ச்ச மடையைத் திறப்பதும் அடைப்பதும் உரிய நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை நீங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். கடனும் அவ்வாறே. பட்டாவைச் சரிசெய்து, உரிய அளவில் கேட்டு வாங்கி, குறித்த தேதியில் கட்டிவாருங்கள். இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் நன்செய் நிலங்கள், கடன் தொல்லையால் மட்டும் கைவிட்டுப் போகாமல் இருக்க இது உதவும் என்று கூறி விடைபெறுகிறேன்.