இடமிருந்து வலம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ஏப்பா, ஆஸ்திரேலியாவுல வண்டியப் பிரிச்சு மாட்டற வேலைதான பார்த்தே, அதையே பேசிரு, பசங்களுக்குப் புடிக்கும்" என்றார். பிரித்து மாட்டுவது என்று அவர் சொன்னது சரிதான். மெல்போர்னில், அமெரிக்காவிலிருந்து வரும் பெரிய பிக்கப் வண்டிகளின் ஸ்டீயரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றும் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து பார்க்கிற தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, ஒரு ஃபோர்டு எஃப்-150யக் கொண்டாந்து நம்ம கணபதியிலயோ சிங்காநல்லூர்லயோ ஸ்டீயரிங்க மாத்திக்க முடியாதுங்களா?"

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். நம் நாட்டு இறக்குமதி விதிப்படி, பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வந்து இறங்கும்போதே ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், ஹெட்லைட் வெளிச்சம் இடப்பக்கமாகச் செல்லும் போக்குவரத்துக்குப் பொருந்த வேண்டும். அதாவது இங்கே கொண்டுவந்து மாற்றிக்கொள்ளும் கதையே கிடையாது. உள்நாட்டு வண்டியில் கை வைக்கலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் சட்டம் வேண்டாம் என்று சொல்வதால் மட்டும் ஒரு இன்ஜினியர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஏன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிது ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைகள் விட்டுப்போன லாரிகளும் ஜீப்களும் நாடு முழுக்க ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் நம் தாத்தாக்கள் வாயில் புழங்கியது அதனால்தான். பிறகு மகேந்திரா நிறுவனம் 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக வரவழைத்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அமெரிக்க வடிவம், ஆகவே இடப்பக்க ஸ்டீயரிங். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று பெயின்டில் எழுதிய ஜீப்கள் எத்தனையோ வருடம் நம் ரோட்டில் ஓடின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆம் பிரிவில்கூட, இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு சிக்னல் காட்டும் கருவி கட்டாயம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. டிரைவரின் கை வெளியே நீட்டினால் எதிரே வருபவனுக்கும் ஓவர்டேக் செய்பவனுக்கும் தெரியாதே!

1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே பஸ் ஓட்டிய மண் இது. கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது. நம் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. மெல்போர்னில் என்னோடு வேலை பார்த்த லேத் ஆட்களை விட நன்றாகக் கடையத் தெரிந்தவர்கள் பீளமேட்டில் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. என் பேச்சு கைத்திறனைப் பற்றியது அல்ல.

இடப்பக்க ஸ்டீயரிங்கோடு நம் ரோட்டில் ஓட்டுவதில் என்ன கஷ்டம்? இரண்டு மீட்டர் அகல பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் டிரைவர் கண் வண்டியின் வலது ஓரத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால் சுமார் 140. முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிர்வண்டி வருகிறதா என்று பார்க்க, வண்டியை 80 சென்டிமீட்டர் கூடுதலாக எதிர்ப்பாதைக்குள் நீட்ட வேண்டும். அந்தக் காலத்தில் பக்கத்தில் கிளீனர் உட்கார்ந்து "போலாம் போலாம்" என்பான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் அவன் கண்ணை நம்பித்தான் போக வேண்டும்.

இதற்காக நாடே பக்கம் மாறியதும் உண்டு. ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3இல் ஒரே நாளில் இடமிருந்து வலத்துக்கு மாறியது. சமோவா 2009 செப்டம்பர் 7இல் வலமிருந்து இடத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவாகக் கார் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்திரேலியர்கள் அப்படிச் செய்யவில்லை, வண்டியை மாற்றுகிறார்கள். அங்கே பிக்கப்பை 'யூட்' என்பார்கள், அதன் மேல் அவர்களுக்கு அப்படியொரு பைத்தியம். ராம், சில்வராடோ போன்ற வண்டிகளை மெல்போர்னில் வாக்கின்ஷா நிறுவனம் மாற்றுகிறது. 2023இல் அங்கே விற்பனைக்கு வந்த எஃப்-150ஐ ஆர்.எம்.ஏ. என்ற நிறுவனம் மாற்றுகிறது.

இனி உள்ளே போவோம். முதல் நாள் வேலைக்குப் போகும் எல்லாரும் நினைப்பது, வண்டியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட வேண்டும் என்று. அதுதான் இல்லை. ஆக்ஸிலரேட்டர் எந்த நாட்டு வண்டியிலும் வலது காலுக்குத்தான். பெடல் வரிசை மாறாது. கியர் போடும் வண்டியானால், முதல் கியர் இரண்டு விதத்திலும் இடது மேல் மூலைதான். அமெரிக்கனுக்கு அது தன் பக்கம், நமக்கு எட்டப் பக்கம். ஆனால் ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் கம்பி இருக்கும் அமெரிக்க பிக்கப்பில் அந்தக் கம்பி மட்டும் வலமிருந்து இடத்துக்கு வந்தாக வேண்டும். சிலது திரும்பும், சிலது திரும்பாது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

டாஷ்போர்டைக் கழற்றினால் அதன் பின்னால் குறுக்கே ஒரு உலோக உத்தரம் ஓடும். ஸ்டீயரிங் தண்டு, ஏர்பேக் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. மோதலில் எப்படி வளைய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த சாமான். அதை அறுத்து ஒட்டக் கூடாது, வலப்பக்கத்துக்கென்றே புதிதாக வடிவமைக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் வலப்பக்கம் போக வேண்டும், அங்கே இருந்த ஏசி பெட்டி இடப்பக்கம் வர வேண்டும். மலிவாகச் செய்பவர்கள் பூஸ்டரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வலப்பக்கப் பெடலிலிருந்து குறுக்கே ஒரு கம்பி கொடுத்து இழுப்பார்கள். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போது அந்தக் கம்பி முறுக்கும், தகரம் வளையும், பிரேக் பஞ்சு மாதிரி இறங்கும். வைப்பர் இடது தூண் ஓரம்வரை சுத்தமாகத் துடைக்கும்படி அமைத்தது. மாற்றாமல் விட்டால் மழையில் நம் டிரைவர் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை துடைக்காமல் நிற்கும். அமெரிக்க ஹெட்லைட் டிம்மில் வலப்பக்கம் தூக்கி அடிக்கும். இங்கே அது நேராக எதிரே வருபவன் கண்ணில். இறக்குமதி விதியில் ஹெட்லைட்டைத் தனியாக எழுதியிருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

இதையெல்லாம் விட ஸ்டீயரிங் இணைப்புதான் உயிர். சக்கரத்துக்கும் ராக்குக்கும் நடுவே நேர்க்கோட்டில் வழி கிடைக்காது. எக்ஸாஸ்ட், ஏசி குழாய், சேஸிஸ் எல்லாம் குறுக்கே நிற்கும். சுற்றி வளைத்துப் போக யுனிவர்சல் ஜாயிண்ட் போடுவோம். மூன்றாம் செமஸ்டரோ நான்காமோ, 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பரில் ஹூக் ஜாயிண்ட் என்று படித்தீர்களே, பரீட்சைக்கு வரும் என்று குறித்து வைத்தீர்களே, அதுதான். ஒரே ஜாயிண்ட் 30 டிகிரி கோணத்தில் நின்றால், ஒரு முனையைச் சீராகச் சுற்றினாலும் மறுமுனை ஒரு சுற்றில் இரண்டு தடவை 15 சதவீதம் வேகமாகவும் இரண்டு தடவை 13 சதவீதம் மெதுவாகவும் ஓடும். கைக்கு அது ஒரு இடத்தில் கனம், ஒரு இடத்தில் லேசு என்று தெரியும். இரண்டு ஜாயிண்ட் போட்டு, கோணங்களைச் சமமாக்கி, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளையும் சரியான நிலையில் பூட்டினால் ஒன்றின் தப்பை மற்றது சரிசெய்யும். ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே கணக்கு கெடும். வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

இன்னொரு முறையும் ஒரு காலத்தில் வெளிநாடுகளில் இருந்தது. ஸ்டீயரிங் பெட்டியை இடப்பக்கமே விட்டுவிட்டு, வலப்பக்கச் சக்கரத்திலிருந்து சைக்கிள் மாதிரி சங்கிலி கொடுத்து இழுப்பது. சங்கிலி தளர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் ஜீப்புக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மாமா ஒரு பழைய இடப்பக்க ஸ்டீயரிங் ஜீப்பை வாங்கினார். அதை முந்தைய சொந்தக்காரரே ஏதோ ஒரு பட்டறையில் வலத்துக்கு மாற்றியிருந்தார். "மாப்ள, ரோட்டுக்கு வேண்டாம், தோப்புக்குள்ள தேங்காய் ஏத்தத்தான். ஆனா பள்ளத்துல இறங்குனா ஸ்டீயரிங் தானா இழுக்குது, ஒரு எட்டு வந்து பாரு" என்றார். காரணம் முதல் பார்வையிலேயே தெரிந்தது. டிராக் லிங்க்கின் நீளமும் சாய்வும் பட்டை ஸ்பிரிங்கின் அசைவோடு ஒத்துப்போகவில்லை. ஆக்ஸில் மேலே ஏறும்போதெல்லாம் அது சக்கரத்தைத் திருப்பிவிடும். அதைச் சரிசெய்யலாம், பெரிய காரியமில்லை.

ஸ்டீயரிங் தண்டைப் பார்த்ததும்தான் நான் நின்றேன். நீளம் பத்தாமல் இரண்டு தண்டை முனையோடு முனை வைத்து வெல்டு அடித்து, மேலே வழுவழுவென்று தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். அழகான வேலை, தடவிப் பார்த்தால் இணைப்பு இருப்பதே தெரியாது. மாமாவோடு வந்திருந்த வயதான மேஸ்திரி ஒருவர், "தம்பி, இது நல்ல வெல்டிங்குங்க. ஆறு வருசமா ஓடிட்டிருக்குதுங்க" என்றார். "இருக்கட்டுங்கண்ணா, ஒரு சாயம் போட்டுப் பாத்துரலாம்" என்றேன். பெயின்டைச் சுரண்டி, சிவப்பு டை பெனெட்ரன்ட் தடவி, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மேல் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. வெல்டின் மேல் அல்ல, அதை ஒட்டிச் சூட்டில் கெட்டிப்பட்ட இடத்தில். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "இத்தன நாளு இதைய வெச்சிட்டா மலை ஏறியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வெல்டைப் போட்டவர் கைத்திறன் இல்லாதவர் அல்ல. ஆனால் அவரிடம் அந்தச் சாயப் புட்டி இல்லை. எந்த எஃகு என்று தெரியாமல், முன்சூடு கொடுக்காமல், பரிசோதிக்காமல் வெளியே விட்டிருக்கிறார். மெல்போர்னில் எங்களுக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் இது ஒன்றுதான். நாங்கள் தண்டை வெல்டு செய்வதே இல்லை. முழு நீளத்தில் ஒரே துண்டாகக் கடைந்து ஸ்பிளைன் வெட்டுவோம். அதையும் முறுக்குச் சோதனையில் உடையும்வரை முறுக்கி, எத்தனை நியூட்டன் மீட்டரில் உடைந்தது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்வோம். உடைத்துப் பார்க்கத்தான் அங்கே அதிகச் செலவு.

இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முறுக்குச் சோதனை இயந்திரம் ஒன்று இருக்கிறது. நான் படித்தபோது வருடத்துக்கு ஒரு தடவை மைல்ட் ஸ்டீல் கம்பியை முறுக்கி, ரெக்கார்டு நோட்டில் வரைந்து, கையெழுத்து வாங்குவோம். பட்டறைக்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மதியம், அவர்கள் கொண்டுவரும் தண்டையும் வெல்டையும் மாணவர்களே சோதித்துக் கொடுத்தால் என்ன என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். டை பெனெட்ரன்ட் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும்.

மாமாவின் ஜீப்புக்கு ஒரே துண்டில் புதுத் தண்டு போட்டாயிற்று, தோப்புக்குள்தான் ஓடுகிறது. பழைய தண்டை இங்கே மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு இன்னும் தெரிகிறது, பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போங்கள்.