மரத்தில் ஏறிய நண்பன்

(கொழும்பு வெள்ளவத்தையில் மலையகப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில், கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



நட்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். அதன் பெயர் ‘டோட்டோ-சான்’. ஜப்பானைச் சேர்ந்த தெட்சுகோ குரோயநாகி என்ற அம்மையார் தமது பள்ளிக்கூட நாட்களை நாவல் போல எழுதி 1981இல் வெளியிட்டார். இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது.

டோக்கியோ நகரில் டோமோயி என்றொரு சிறிய பாடசாலை. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டு ஏறி விளையாடுவார்கள். யாசுவாகி என்ற பையனுக்கு மட்டும் மரம் இல்லை. இளம்பிள்ளைவாதம் வந்ததால் அவனுக்குக் கையிலும் காலிலும் பலமில்லை.

விடுமுறையில் ஒருநாள் டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு அழைத்தாள். ஏணியைச் சாத்திப் பார்த்தாள். அவனால் ஏற முடியவில்லை. “பாவம், உன்னால முடியாது” என்று அவள் சொல்லவில்லை. ஓடிப்போய், ஆடாமல் நிற்கும் வேறொரு ஏணியைத் தேடி இழுத்து வந்தாள். கீழே நின்று அவன் கால்களை ஒவ்வொரு படியிலும் தூக்கி வைத்தாள். கடைசியில் மேலிருந்து இழுத்தாள். அவனும் வேர்க்க வேர்க்க முயன்று ஏறிவிட்டான். மரத்தில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் டெலிவிஷன் என்றொரு பெட்டி இருக்கிறதாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் அதுவரை கேள்விப்படாத சங்கதி அது!

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பரிதாபத்தில் ஒருவர் கொடுப்பார், மற்றவர் வாங்குவார். நட்பில் இரண்டு பேரும் கொடுப்பார்கள். யாசுவாகி அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை. அவன் வாழ்நாளில் ஏறிய மரம் அது ஒன்றுதான். அன்றைக்கு அவள் கூப்பிடாமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

அந்தப் பாடசாலையின் அதிபர் கோபயாஷி. உயரம் வளராத, கைகால் குட்டையான தகாஹாஷி என்ற மாணவனும் அங்கே படித்தான். விளையாட்டுப் போட்டிக்கு அதிபர் புதுப்புதுப் பந்தயங்களை யோசித்து வைத்தார். குட்டைக் கால் உள்ளவனும் ஜெயிக்கக்கூடிய பந்தயங்கள். தகாஹாஷி எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தான். பரிசு என்ன தெரியுமா? மரக்கறி! ‘நீங்கள் உழைத்துக் கொண்டுவந்தது, வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்’ என்ற கருத்தில் அதிபர் பேசி அனுப்பினார்.

இன்னொரு நாள் ஓர் ஆசிரியை அந்தப் பையனிடம், உனக்கு வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அதிபர் அவரைத் தனியே அழைத்துக் கடுமையாகக் கண்டித்தார். நம்ம லயத்தில் எப்படி? ‘நொண்டி’, ‘செவிடன்’, ‘ஊமைச்சி’ என்பதையே பிள்ளையின் பெயராக்கி விடுகிறோம். பெற்றவள் வைத்த பெயர் மறந்தே போகிறது. கூப்பிடுகிற நமக்கு அது வெறும் விளையாட்டு. கேட்கிற பிள்ளைக்கோ அது ஒவ்வொரு நாளும் படுகிற அடி.

என் வகுப்பில் இந்தக் கதையை வாசித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், ஏணிய பிடிச்சவ கெட்டிக்காரியா, ஏறினவன் கெட்டிக்காரனா?” என்று கேட்டாள். பிள்ளைகளையே பதில் சொல்ல விட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவன், “நம்ம வகுப்பு மேல்மாடியில இருக்கே, நடக்க ஏலாத பிள்ளை எப்படி வரும்?” என்றான். பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்ற ஒரு சதமும் செலவாகாது.

நம் நாட்டில் இளம்பிள்ளைவாத நோயாளர் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1993இல். தடுப்பு மருந்தை விடாமல் கொடுத்ததன் பலன் அது. ஆனால் வேறு காரணங்களால் நடக்கவோ பேசவோ சிரமப்படும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பிள்ளையைக் காம்பிராவில் விட்டுப் போக வேண்டிய தாயின் கஷ்டம் எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று 1912இல் தொடங்கிய பாடசாலை, இதே காலி வீதியில் தெற்கே போனால் இரத்மலானையில் இருக்கிறது. இடம் இல்லை என்று யாராவது சொன்னால், தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மற்றப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்துக் காம்பிராவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், உங்கள் பிள்ளையிடம் “பாவம், தொந்தரவு செய்யாத” என்று சொல்லாதீர்கள். “போய் விளையாடு, பள்ளிக்கூடம் போகும்போது அவன் பையை நீ தூக்கிக்கிட்டு கூடவே போ” என்று சொல்லுங்கள். ஏணியைத் தேடிக் கொண்டுவரும் வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.