நந்தன் செய்த வேலை



2024 நவம்பரில் நாம் இழந்த ராஜ் கௌதமன் அவர்களின் நினைவாக இன்று கூடியிருக்கிறோம். சங்கப் பாட்டு தொடங்கி வள்ளலார், அயோத்திதாசர் வரை, பழைய பிரதி எதைக் கையில் எடுத்தாலும் அவர் ஒரு கேள்வியை விடவில்லை: இந்த எழுத்து எந்தச் சமூக உறவிலிருந்து வந்தது, யாருக்கு என்ன செய்தது? அவரைப் புகழ்ந்து பேசிக் கலைவதைவிட, அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கதையைப் படித்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம்.

தமிழ் இலக்கியம் படிக்கும் நம் மாணவர்களுக்கு மூன்று தலைப்புகள் மனப்பாடம்: பாத்திரப்படைப்பு, கருப்பொருள், நடை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் விடை நோட்ஸில் இருக்கிறது. நந்தனார் என்றால் ‘பக்தியின் உருவம்’, கருப்பொருள் ‘இறைவன் முன் அனைவரும் சமம்’, நடை ‘எளிமையும் இனிமையும்’. எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளை, சேரியிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் பிள்ளை, இந்த விடையை எழுதும்போது தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பில் தானே கையெழுத்துப் போடுகிறது. அதனால் இந்த மூன்று தலைப்புகளையும் தூக்கி எறியாமல், அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறோம். இந்தப் பாத்திரம் என்ன வேலை செய்கிறது? அந்த வேலை கதையில் எங்கே காணாமல் போகிறது?

ஒரு வரியிலிருந்து ஒரு நெருப்பு வரை

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் அடியார்களின் பட்டியலைப் பாடியபோது ‘திருநாளைப்போவார்’ என்று ஒரு பெயர் மட்டுமே சொன்னார். சாதி இல்லை, ஊர் இல்லை, கதை இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு செய்யுள் பாடினார். அதில் ஆதனூர் வருகிறது, புலை நீங்கி முனிவர் ஆனார் என்ற செய்தி வருகிறது, தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் வருகிறது. நெருப்பு அங்கேயும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாடல்களில் புராணமாக விரிக்கும்போதுதான் தீக்குழி வெட்டப்படுகிறது.

சேக்கிழார் நமக்குத் தூரத்து மனிதர் இல்லை, குன்றத்தூர்க்காரர். நம் தொண்டைநாட்டு ஆள். அவர் ஆதனூர்ச் சேரியைக் காட்டும் இடத்தை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். குடிசைக் கூரை, கோழி, நாய்க்குட்டிகள், இரும்புக் காப்பு அணிந்த சிறுவர்கள், உலரும் தோல், நெல் குற்றும் பெண்களின் பாட்டு என்று எல்லாம் இருக்கின்றன. பார்த்து எழுதிய கை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நந்தன் என்ன வேலை செய்கிறார் என்பதையும் அவர் தெளிவாகச் சொல்கிறார். கோயில் முரசுக்குத் தோல் தருகிறார், இழுத்துக் கட்ட வார் தருகிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருகிறார், பூசைக்குக் கோரோசனை தருகிறார். ஊர்ப் பணிக்காக விட்ட நிலமே அவருக்குப் பிழைப்பு.

அதாவது, கோயிலுக்குள் கேட்கும் ஒலி முழுவதும் நந்தனின் கைவழியாகப் போயிருக்கிறது. அவர் பதப்படுத்திய தோல் கருவறை வாசல் வரை போகும். அவர் போக முடியாது. பொருளுக்குத் தீட்டு இல்லை, செய்த உடம்புக்கு உண்டு. சாதி உழைப்பை எப்படி ஏற்றுக்கொண்டு உழைப்பவரை எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதற்குச் சமூகவியல் பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் படித்ததில்லை. சேக்கிழார் இதை முரண்பாடு என்று சொல்லவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை.

அதே பெரியபுராணத்தில் இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்துத் திருநின்றவூரில் பூசலார் என்ற அந்தணர். கையில் காசு இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டுகிறார். காஞ்சியில் காடவர்கோன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, சிவன் பூசலாரின் மனக்கோயிலுக்கு வருகிறார். அடுத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். மதுரையில் இறைவன் அடியார்களின் கனவில் சொல்லி அவரை உள்ளே அழைத்துவரச் செய்கிறார். திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறு ஒரு வாயில் உண்டாகிறது.

ஒருவரிடம் இறைவனே போகிறார். ஒருவருக்குத் தனி வாசல். நந்தனுக்கு மட்டும் தீ. தில்லையின் எல்லையைப் பகலும் இரவும் சுற்றிவந்தவரின் கனவில் வந்து, நெருப்பில் மூழ்கி எழுந்து வா என்கிறார் இறைவன். அந்தணர்கள் கனவிலும் சொல்கிறார். தெற்கு வாசலுக்கு வெளியே தீ மூட்டுகிறார்கள். நந்தன் பூணூல் மார்போடு எழுகிறார், உள்ளே போகிறார், பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. ‘இறைவன் முன் அனைவரும் சமம்’ என்று நோட்ஸ் சொல்கிறதே, அந்தச் சமத்துவத்துக்கு யார் எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று மூன்று வரிசை போட்டு எழுதுங்கள். கருப்பொருள் அங்கே தெரியும்.

நாற்பது வேலி

இன்று நம் வீடுகளில் தெரிந்த நந்தன் சேக்கிழாரின் நந்தன் இல்லை. அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ வழியாகக் கச்சேரிக்கும், காலட்சேபத்துக்கும், பிறகு சினிமாவுக்கும் வந்தவர். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்தார்.

பாரதியார் புதிதாகச் சேர்த்த பாத்திரம் வேதியர் என்னும் நிலவுடைமையாளர். சேக்கிழாரில் நந்தன் தயங்கியது தன் பிறப்பை நினைத்து. பாரதியாரில் அவரைத் தடுப்பது பண்ணை. சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறார், ஆண்டை மறுக்கிறார். கீழத்தஞ்சைப் பண்ணையடிமை முறையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர்தான் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியும். அடிமை முறைக்கு எதிரான சட்டம் 1843இல் வந்துவிட்டது. ஆனால் தஞ்சைப் பண்ணையாட்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 வரை ஆயிற்று. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு ஒரு பண்ணையாள் லீவு கேட்கிற கதை இது.

நடையைப் பாருங்கள். கீர்த்தனை, நொண்டிச் சிந்து, கண்ணி, பேச்சு வழக்கு. இலக்கணப் பிழை இருக்கிறது என்று மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். சேரிப் பெரியவர் நந்தனைக் கண்டிக்கும் குரல், ஆண்டையின் மிரட்டல், நந்தனின் கெஞ்சல் எல்லாம் புலவர் தமிழில் வந்திருக்காது. இந்த நடைக்காகப் பாரதியாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் வேலை எங்கே போகிறது? நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். நாற்பது வேலி இருநூற்றைம்பது ஏக்கரைத் தாண்டும். ஒரே இரவில் சிவகணங்கள் அந்த வேலையை முடித்துவிடுகின்றன. காலையில் விளைந்து கிடக்கும் வயலைப் பார்த்து வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

நம் வாசிப்புக் கூட்டத்தில் இந்த இடத்தைப் படித்தபோது, முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: “தோழர், எல்லா வேலையும் பூதமே செஞ்சிடுச்சுன்னா, அந்த வருஷம் சேரிக்காரங்களுக்கு அறுப்புக் கூலி யார் குடுத்தாங்க?” கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது, பிறகு அடங்கிவிட்டது. அவருடைய அம்மா காண்ட்ராக்டர் போன் வந்தால் வேலைக்குப் போகிறவர், போன் வராத நாளில் கூலி இல்லாதவர். நோட்ஸில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நாம் படித்த விமர்சனங்கள் எதிலும் இதைப் பார்க்கவில்லை. நந்தன் ஒருவருக்கு விடுதலை கிடைக்க, ஒரு சேரியின் ஒரு பருவ உழைப்பு கதையிலிருந்து துடைக்கப்பட்டிருக்கிறது. நடவு நட்ட பெண்கள் இல்லை, அறுத்தவர்கள் இல்லை, களத்தில் தூற்றியவர்கள் இல்லை. மேலும், வேதியருக்கு ஒரு நெல்மணியும் நட்டமில்லை. அவர் மனம் மாறுவது முழு மகசூலும் கைக்கு வந்த பிறகு. உழைப்பைக் காட்டத் துணிந்த கதை, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் அற்புதத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அற்புதம் இல்லாத நந்தன்கள்

இருபதாம் நூற்றாண்டில் நந்தனைத் திரும்பவும் கைப்பற்றும் முயற்சிகள் நடந்தன. ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாக எழுதினார். அடிமை என்ற பாத்திரத்தையே மறுத்தார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். நெருப்புக்குள் போனதாகச் சொல்லப்பட்ட ஊரிலேயே பள்ளிக்கூடம் வந்தது. 1934இல் புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். காந்தி வருகிற நாளில், ரயில் பாதையில் அகப்பட்ட கண் தெரியாத கிழவர் கருப்பனைக் காப்பாற்ற அவர் மகனும் அக்கிரகாரத்து இளைஞனும் ஓடுகிறார்கள். மூவரும் சாகிறார்கள். இதில் நந்தன் யார் என்று கேட்டுக் கதை முடிகிறது. அந்தக் கிண்டல் நடைக்குள் பூதகணங்கள் வர வழியில்லை. ஆனாலும் சாவில் மட்டுமே மூவரும் சமமாகிறார்கள். உயிரோடிருக்கும்போது அந்தச் சமத்துவத்தை அவராலும் எழுத முடியவில்லை.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட சேரியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பூணூலோடு யாரும் எழுந்து வரவில்லை. நாற்பது வேலிக்கான கணக்கை மக்கள் நேரடியாகக் கேட்டபோது கிடைத்த பதில் அது. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலப்பிரபுவின் கொடுமைக்கு அவனுடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியதால் அது கடுமையான விமர்சனத்தையும் பெற்றது. நம் விமர்சனமும் அதுவே. பாத்திரத்தின் மனத்துக்குள் ஆழமாகப் போகிறோம் என்று சொல்லி, கூலியைக் கதைக்கு வெளியே விட்டுவிட்டால், அங்கேயும் வேலை காணாமல் போகிறது. இந்த முறை அற்புதத்துக்குப் பதிலாக உளவியல் வந்தது, அவ்வளவுதான்.

1979இல் பூமணியின் ‘பிறகு’ வந்தது. அழகிரி தோல் வேலை செய்கிறவர். நந்தனின் தொழில்தான், எண்ணூறு ஆண்டு கழித்து. செருப்புத் தைப்பதும், செத்த மாட்டைத் தூக்குவதும், அதற்கான கூலியும், அந்தக் கூலிக்கான வாய்ச்சண்டையும் கரிசல் பேச்சிலேயே வருகின்றன. சுதந்திரம் வந்த பிறகு என்ன ஆயிற்று என்று அந்த நாவல் கோஷம் போடாமல் கேட்கிறது. யாரும் புனிதமாகவில்லை, யாரும் மறையவில்லை. வேலை கடைசிப் பக்கம் வரை இருக்கிறது. தலித் இலக்கியம் என்ற பெயர் தமிழில் பரவுவதற்கு முன்பே இந்த வாசலைப் பூமணி திறந்துவிட்டார்.

இதையெல்லாம் இங்கே, இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் நின்று ஏன் பேசுகிறோம்? நம்மைச் சுற்றி உருக்காலைகள் இருக்கின்றன. செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்தும் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி, நம் காலத்திலேயே மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் நமக்குப் பக்கத்தில் நெருப்பின் முன் நிற்கிறார்கள். இங்கே உருகும் இரும்பு எல்லா வீட்டுக் கூரைக்குள்ளும் போகும். செய்தவர் பெயர் எந்தக் கதையிலும் போகவில்லை. ‘வளர்ச்சி’ என்ற சொல் நம் காலத்தின் சிவகணமாக இருக்கிறது. ஒரே இரவில் எல்லாம் தானாக நடந்துவிட்டதாக அது நம்மை நம்பச் சொல்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வில் நோட்ஸ் விடையை எழுதுங்கள், மதிப்பெண் நமக்கு வேண்டும். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பாடத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய கதையை எடுத்து, அதில் வரும் வேலைகளை மட்டும் பட்டியல் போட்டுக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் உங்கள் அப்பா, அம்மா செய்யும் வேலையின் சொற்களை, அவர்கள் சொல்கிறபடியே எழுதி வாருங்கள். முதல் பட்டியல் விமர்சனத்துக்கு. இரண்டாவது, உங்களில் யாராவது எழுதப்போகும் நாவலுக்கு.

அறுப்புக் கூலியைக் கேட்ட அந்த மாணவி இன்றும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு இந்த உரையை அவர் நிகழ்த்த வேண்டும் என்று மன்றத்தைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.