எல்லாருக்கும் ஒரே பலன்

1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்கிற உளவியல் ஆசிரியர் தன் வகுப்புக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து, அவரவர் பெயர் எழுதிய முடிவுத்தாளைக் கையில் கொடுத்தார். "இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது? ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள்" என்றார். சராசரி 4.26! பரீட்சையில்கூட அந்தப் பிள்ளைகள் அப்படி வாங்கியிருப்பார்களோ என்னவோ.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே வாசகம். பெரும்பகுதி பத்திரிகைக் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வெளியே கட்டுப்பாடு, உள்ளுக்குள் கவலை. சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுக்கம்... யாருக்குத்தான் பொருந்தாது?

குணச் சோதனைகள் இன்றும் ஓயவில்லை. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை பிரபலம். உருவாக்கியவர்கள் ஒரு தாயும் மகளும். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. மகள் இசபெல் துப்பறியும் நாவல் எழுதியவர். அதற்காகச் சோதனையே வீண் என்று சொல்லவில்லை. கேள்விகளுக்கு உட்கார்ந்து யோசிக்கிற நேரம் நல்ல நேரம்தான். ஆனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால், பலருக்கு வகையே மாறிவிடுகிறது. காரணம், இரண்டு வகைக்கு நடுவில் நிற்பவரையும் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியாக வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுகிற நிறுவனமே சொல்கிறது. வேலை கொடுக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.