தச்சுப் பாடமும் நம் பிள்ளைகளும்

(திருவையாற்றில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்நிலைப் பள்ளியில் தச்சு வேலையைப் பாடமாகக் கற்பிக்கலாமா என்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இதைக் கேட்டவுடன் நம் பெற்றோர் பலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். 'தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி பிடித்தது போதாதா? பிள்ளை கையிலும் கருவியா?' என்பர். அந்த அச்சம் வீண் அச்சம் அன்று.

1953ஆம் ஆண்டில் இராஜாஜி அமைச்சரவை கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்ட அத்திட்டம், காமராசர் முதலமைச்சரான 1954இல் கைவிடப்பட்டது. பண்ணையாள் மகனைப் பண்ணையாளாகவே நிறுத்தும் கல்வி நமக்கு எதற்கு?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே குற்றம் உளியினுடையது அன்று. உளியைப் பிறப்போடு பிணைத்தவர்களுடையது. பின்லாந்து நாடு 1866லேயே பொதுப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கிற்று. நம் நாட்டில் 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழுவும், பணி அனுபவம் எல்லா மாணவர்க்கும் உரிய பொதுக் கல்வியின் உறுப்பு என்றே கூறிற்று.

ஒரு சிறு பெட்டி செய்யப் புகும் மாணவன் என்ன கற்கிறான்? மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அங்குலமும் மறுபக்கம் 4 அங்குலமும் குறிக்கிறான். குறிகளுக்கு இடையே 5 அங்குலம் இருந்தால் மூலை செங்கோணம் என்று உணர்கிறான். கரும்பலகையில் விளங்காத பிதாகரசு தேற்றம் பலகையில் விளங்கிவிடுகிறது. ஈரமரம் உலரும்போது நீளவாட்டில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்குவாட்டில் மிகுதியாகச் சுருங்கும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு இறுகுவது ஏன் என்பதற்கும் அவனுக்கு விடை கிடைக்கிறது.

தியாகராசர் சமாதி கொண்ட இவ்வூரில் ஆண்டுதோறும் வீணை ஒலிக்கிறது. அதன் குடம் பலா மரம். மீட்டும் விரலை ஊர் போற்றுகிறது. குடைந்த கையை யார் நினைக்கிறார்?

நம் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் பயின்ற பள்ளியில் தச்சு அறை ஒன்று இருந்தது, பெயர் வேண்டா. மற்றவர் இழைப்புளி பிடித்தனர். நம் தெருப் பிள்ளைகள் மரத்தூளைப் பெருக்கினோம். ஓராண்டில் ஒருநாளும் கருவியைத் தொடவில்லை. மதிப்பெண் பட்டியலில் மட்டும் தச்சுப் பாடத்தில் தேர்ச்சி என்றிருந்தது.

ஆதலால் தச்சுப் பாடம் வரட்டும். ஆனால் மூன்று உறுதிகளோடு வரட்டும். ஆண், பெண் என்றும் தெரு என்றும் பாராது எல்லாரும் கருவி பிடிக்க வேண்டும். எல்லாரும் முறைவைத்துப் பெருக்க வேண்டும். கணிதம், அறிவியல், ஆங்கிலப் பாட நேரம் ஒரு நாழிகையும் குறையலாகாது. தச்சு கற்றவர்க்கும் பொறியியல் கல்லூரி வரை வழி திறந்திருக்க வேண்டும். 1978இல் மேனிலைக் கல்வியோடு வந்த தொழிற்பிரிவை, மதிப்பெண் குறைந்தோர் ஒதுங்கும் இடமாகவே நம்மில் பலர் கருதினோம். ஆசிரியராகிய நாமும் அப்பிழைக்குப் பொறுப்பாளிகளே. ஆறாம் வகுப்பிலேயே தொழிற்பயிற்சி என்னும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையும் இம்மூன்று உறுதிகளால் அளந்து பார்ப்பது நம் கடமை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை தச்சு வகுப்பிலிருந்து வந்ததும் ஒன்று கேளுங்கள்: 'இன்று நீ இழைத்தாயா, பெருக்கினாயா?' அதன் விடையை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.