ஊடுகதிர்ப் படமும் அதனை எடுப்பவரும்



கதிர் என்னுஞ் சொல் நமது ஊரின் பெயரிலேயே இருக்கின்றது. அது நெற்கதிரோ ஞாயிற்றின் கதிரோ என்பதைப் பெரியோர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கண்ணுக்குப் புலனாகாத வேறொரு கதிர். அதனைக் கொண்டு படம் எடுப்பவர்களை எவ்வாறு பயிற்றுகின்றார்கள் என்பதே நம் பேச்சு.

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலே பேராசிரியர் றொன்ட்ஜன் இக்கதிரைக் கண்டார். இன்னதென்று அறியாமையால் எக்ஸ் என்று பெயரிட்டார். சில வாரங்களுள் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். விரலெலும்பும் மோதிரமும் தெரிந்தன. அதன் தீமையை அன்று எவரும் அறிந்திலர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அக்கதிரோடு ஓயாது பழகி, கைகளை இழந்து, 1904 இல் மாண்டார். அதனாலேதான் இக்கல்வியில் படம் எடுப்பதோடு கதிரினின்று காப்பதையும் அழுத்திக் கற்பிக்கின்றார்கள். இரு மடங்கு தூரம் விலகினால் கதிரின் வலிமை நாலில் ஒன்றாகும் என்ற பௌதிக விதி நமக்குப் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

நவம்பர் 8 நம்மூருக்கும் மறக்க முடியாத நாள். 2006 இல் அந்நாளிலேதான் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயப்பட்டோரை வாகரை வைத்தியசாலைக்குக் கொண்டோடினர். உடலுட் பாய்ந்த இரும்புச் சிதறல் எங்கே நிற்கின்றதென்று வெறுங்கண்ணாற் பார்த்துச் சொல்ல யாரால் இயலும்? எக்ஸ்றே நகரத்தாருக்குரிய ஆடம்பரம் என்று நம்மூரில் ஒருவரும் சொல்லார்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கதிர்ப் பௌதிகமும் வகுப்பறையிற் கற்கலாம். நெஞ்சுப் படம் ஒன்றைச் செவ்வையாக எடுக்க வைத்தியசாலையிலேதான் கற்கவேண்டும். நோயாளியின் மார்பு படத்தட்டோடு பொருந்த வேண்டும். தோள்கள் முன்னோக்கித் திரும்ப வேண்டும், இல்லையேல் தோட்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும். குழாய் ஏறக்குறைய ஆறடி தள்ளி நிற்க வேண்டும். நெருங்கினால் இருதயம் உள்ளதிலும் பெரிதாய்த் தோன்றும். அதன்பின் மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொல்ல வேண்டும். இருமலோடு வந்த முதியவருக்கு அது லேசான காரியமா? முறிவு என்றால் ஒரு பக்கத்துப் படம் போதாது. நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒன்றில் மறைந்த வெடிப்பு மற்றதில் வெளிப்படும். வலம் இடம் குறிக்கும் சிறு ஈய எழுத்தை மாற்றி வைத்தால் வருங் கேட்டினைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மொழி குறுக்கிடுகின்றது. 'மூச்சைப் பிடியுங்கள்' என்பது நோயாளிக்கு விளங்காவிட்டால் படம் மங்கும். மறுபடியும் எடுக்க நேரும். அவர் உடலில் இரு முறை கதிர் ஏறும். வயிற்றையோ இடுப்பையோ படமெடுக்க வந்த இளம் பெண்ணிடம், கருவுற்றிருக்கக் கூடுமோ என்று கட்டாயம் கேட்டாக வேண்டும். அதனைத் தனியே, தாழ்ந்த குரலில், அவளுடைய மொழியில் ஒரு பெண்ணே கேட்டால் கூச்சமின்றி உண்மை வரும். ஆகையால் சகோதரிகள் இத்துறைக்கு வருவது பெரிதும் வேண்டற்பாலது.

சென்னையில் கப்டன் பார்னார்டின் பெயரால் 1934 இலேயே கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் கற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். இயந்திரங்கள் கணினி மயமாகிவிட்டன. இருட்டறையில் பிலிம் கழுவும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. நோயாளியைத் தொட்டு நிறுத்தும் வேலை ஒழியவில்லை.

படிப்பு ஆங்கிலத்தில் நடக்கின்றதே என்று தம்பிமார் அஞ்சுகின்றனர். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் கிறீன், தாம் தமிழைக் கற்று, மாணவருக்கு மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்நிய நாட்டவர் ஒருவர் நம் நோயாளிகளுக்காக நமது மொழியைக் கற்றார். அதே நோயாளிகளுக்காக நாம் ஆங்கிலத்தைக் கற்பது அத்துணைப் பெரிய பாரமா?

இவ்வாண்டு உயர்தரப் பிரிவு தெரியவேண்டிய மாணவர்களும் அவர்தம் பெற்றாரும் கூட்டம் முடிந்தபின் சற்றே தங்கினால், பாடங்களைப்பற்றியும் விண்ணப்பத்தைப்பற்றியும் விரிவாகச் சொல்லுவோம்.